பெட்டி கட்டும்போதே கவனிக்க வேண்டியவை

விமான நிலையத்தில் நம்மைத் தனியே கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரு பெட்டியில் இருக்க வேண்டியது இன்னொன்றில் இருக்கும்.

முதலில் பவர் பேங்க். செக்-இன் பெட்டியில், அதாவது கவுண்டரில் கொடுத்துச் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில், அது இருக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கு அறையில் உடனே அணைக்க ஆளில்லை. அதனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சக்தியின் அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. கடையில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். மேலே அச்சிட்ட அளவு அழிந்துபோன பழையதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் சாப்பாட்டுச் சாமான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல் கொண்டுபோகிறவர்கள், கசியாமல் கட்டி, செக்-இன் பெட்டியில் போடுங்கள். சர்வதேச விமானங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் போகாது. 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். பாட்டிலின் அளவுதான் கணக்கு. பலருக்குத் தெரியாதது கொப்பரை. எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், இந்திய விமான நிலையங்களில் செக்-இன் பெட்டியில் அதற்குத் தடை. தேங்காய்ப் பொடியாக அரைத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்காமல், அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

அன்றாட மாத்திரைகளை மட்டும், மருத்துவர் சீட்டோடு, கட்டாயம் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டி வந்து சேரத் தாமதமானால் வயதானவர்கள் பாடு சிரமம்.