புற்றுநோய்க்காகக் கீமோவுக்குப் போகிறவருக்கு என்ன பின்னிக் கொடுக்கலாம்?

முதலில் குல்லாதான். கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கு முடி கொட்ட ஆரம்பிக்கும், அப்போது தலைத்தோல் தொட்டாலே வலிக்கலாம், அதனால் சாதாரண கம்பளி நூல் வேண்டாம், குத்தும். மெல்லிய பருத்தி நூல் வாங்குங்கள். கடையிலேயே நூல்கண்டைக் கழுத்தோரம் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் தலையிலும் உறுத்தும். என் சித்திக்கு நான் முதலில் பின்னியதில் உச்சி முடிச்சு உள்பக்கம் நின்றுவிட்டது, படுத்தால் அது அழுத்தித் தூக்கமே இல்லை அவருக்கு. பிரித்து, முடிச்சு வெளியே வரும்படி மறுபடி பின்னினேன்.

அப்புறம் சால்வை. மருந்து ஏற்றும் அறையில் ஏசி குளிர், சித்திரை வெயிலிலும் நடுக்கும். கையில் ஊசி குத்தியிருக்கும்போது ஸ்வெட்டரை எப்படி மாட்டுவது? தோளில் போர்த்துவதே வசதி.

ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறவர் என்றால் கையுறை பின்னுங்கள். அந்த மருந்துக்குப் பிறகு சில நாள் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் சுரீரென்று மரத்துப்போகும், பிரிட்ஜிலிருந்து பால் எடுக்கக்கூடப் பயப்படுவார்கள்.

கொடுக்கும் முன் வாசனையில்லாத சோப்பில் அலசுங்கள், குமட்டல் இருக்கும்போது சோப்பு வாசனைகூட ஆகாது. நிறத்தை மட்டும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.