எங்கள் சித்திரக்கதையை நாங்களே புத்தகமாகப் போட

மச்சிகோ ஹசெகாவா ‘சசாயே-சான்’ என்ற நாலு கட்டச் சித்திரக்கதையைத் தொடங்கியது 1946இல். ஜப்பானில் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைப் புத்தகமாக்கச் சகோதரிகளோடு சேர்ந்து ‘ஷிமைஷா’ என்று சொந்தப் பதிப்பகமே வைத்தார். சகோதரிகள் என்பதுதான் அந்தப் பெயரிலும் இருக்கிறது. முதல் புத்தகம் அகலமாக இருந்ததால் கடைத் தட்டில் அடங்காமல் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. அடுத்ததைச் சிறிதாக்கினார்கள், விற்றது. தறப்பாள் கொட்டிலில் இருந்து நிவாரண அரிசி சமைத்த எனக்கு, இந்தப் பெண் சொந்த அக்கா மாதிரித்தான்.

ஆகவே முதலில் அளவு. இரண்டு ஏ4 தாளை நடுவால் மடித்தால் எட்டுப் பக்கம், கிட்டத்தட்ட அப்பியாசக் கொப்பி அளவு. பள்ளிக்கூடப் பைக்குள் நிற்கும், பரந்தன் சந்திக் கடையில் தொங்கவிடவும் வசதி. பக்க எண்கள் இப்படி வரும்: முதல் தாளின் வெளிப்பக்கம் 8, 1. உள்ளே 2, 7. மற்றத் தாளில் 6, 3, 4, 5. விரித்த தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 9 வரவேண்டும்.

பென்சில் நிழல் போட்டோக் கொப்பியில் அழுக்காக விழும். கறுப்புப் பேனையால் கோடு போடுங்கள். ஓரத்தில் ஒரு சென்ரிமீற்றராவது விடுங்கள். நான் விடாமல் நாற்பது பிரதி அடித்தேன், நாற்பதிலும் என் கதையில் வரும் ஆச்சி சொன்ன கடைசி வரி வெட்டுப்பட்டுப் போனது.

அப்புறம் பேச்சு. இதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. முதலில் எழுத்தை எழுதி, பிறகு அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டத்தை முதலில் போட்டால் தமிழ் அதற்குள் அடங்காது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒரு கட்டத்தையே விழுங்கிவிடும். எங்கள் வாயில் வருகிறபடி ‘வருகினம்’ என்று எழுதினால் ஆச்சியின் முகத்துக்கும், பின்னால் நிற்கிற மாட்டுக்கும் இடம் கிடைக்கும். ஆச்சி பேசுவதும் அப்படித்தானே.

சாதாரண ஸ்ரேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது. என் மச்சாள் சாக்கு ஊசியால் மூன்று துளை போட்டு, உள்ளேயிருந்து நூல் கோத்து, நடுத் துளையில் முடிச்சுப் போடுவாள். அரை மணித்தியாலத்தில் பத்துப் புத்தகம் கட்டலாம்.