பேஸ்பால் டோர்னமென்ட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகளை நாங்கள் செய்துவிட்டோம், நீங்கள் செய்யாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளையைப் பேஸ்பால் டீமில் சேர்த்துவிட்டால் கொஞ்ச நாளில் வார இறுதிகள் நம் கையில் இருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். முதல் டோர்னமென்ட்டில் பையன் அடித்த பந்து பின்பக்கமாகப் பறந்து வேலியைத் தாண்டியதும் எழுந்து நின்று கைதட்டினேன், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது ஃபவுல், கோட்டுக்கு வெளியே போன பந்து, ரன் கிடையாது. அந்த அசட்டுத்தனத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வந்த தவறுகள் வேறு.

முதலாவது, ஷெட்யூலை நம்பி ஞாயிறு மதியத்துக்குத் திரும்பும் விமானத்தைப் போட்டது. இந்த வார இறுதிப் போட்டிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் நடக்கும். சனிக்கிழமை டீம்களைக் குழுக்களாகப் பிரித்து ஆடும் பூல் ஆட்டங்கள், அதில் எடுத்த இடத்தை வைத்து ஞாயிறு நாக் அவுட். தோற்றால் காலை பத்து மணிக்கே வீட்டுக்குப் போகலாம், ஜெயித்துக்கொண்டே போனால் இருட்டும்வரை மைதானத்தில்தான். எங்கள் டீம் அரையிறுதிக்குப் போனபோது பையனைப் பாதியில் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட் ஓடினோம். அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு ராத்திரி வரை முடியாது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள், முடிந்தால் திங்கள் காலை லீவு.

ஒரே புள்ளியில் இரண்டு டீம்கள் நின்றால், யார் குறைவாக ரன் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்துத்தான் பல போட்டிகளில் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். அதனால் பத்து ரன் முன்னிலையில் இருக்கும்போதும் கோச் விடாமல் கத்திக்கொண்டிருந்தால் ‘என்ன மனுஷன் இவர்’ என்று நினைக்காதீர்கள், அவருக்கு அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹோட்டல் விஷயத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தனியாக புக் செய்யாதீர்கள். நிறையப் போட்டிகளில் ‘ஸ்டே டு ப்ளே’ என்று ஒரு விதி இருக்கிறது, அவர்கள் தரும் பட்டியலில் உள்ள ஹோட்டல்களில்தான் டீம் தங்கவேண்டும். முதலில் டீம் மேனேஜரிடம் கேளுங்கள், அப்புறம் கேன்சல் செய்யக் கடைசி நாள் எது என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் பயணம் என்றால் இன்னும் முன்கூட்டியே வேலையைத் தொடங்கவேண்டும். 1939-இல் திறந்த ‘பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்’ அருங்காட்சியகம் இருக்கும் ஊர், ஆனால் நிரந்தரமாக வசிப்பவர்கள் 2,000 பேர்கூடக் கிடையாது. கோடையில் 12 வயதுப் பிள்ளைகளின் டீம்கள் வாரக்கணக்கில் வந்து குவிகின்றன. அங்குள்ள பெரிய முகாம்களில் பிள்ளைகள் கோச்சோடு உள்ளேயே தங்கிவிடுவார்கள், நாம்தான் வெளியே அறை தேடி அலைய வேண்டியிருக்கும்.

பேட். இதில் பணத்தைக் கோட்டைவிடாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளின் பேட்டில் ஒரு முத்திரை இருக்கும். லிட்டில் லீக் போன்ற சிறுவர் பேஸ்பால் அமைப்புகளில், முழு மரத்தில் செய்த பேட்டைத் தவிர மற்றவற்றுக்கு, 2018 ஜனவரி 1 முதல் ‘யூஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரை இருந்தால்தான் அனுமதி. யூஎஸ்எஸ்எஸ்ஏ என்ற இன்னொரு அமைப்பு நடத்தும் போட்டிகளில் அவர்களுடைய முத்திரை உள்ள பேட் செல்லும், பந்தும் அதில் கொஞ்சம் வேகமாகத் தெறிக்கும். பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் கடையில் குழம்பிப்போவோம். விலையைப் பார்த்து மலைத்து வாங்கிய பேட்டை அம்பயர் ஆட்டத்துக்கு முன்பே ஓரமாக வைக்கச் சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. எந்தப் போட்டி, எந்த முத்திரை என்று தெரிந்த பிறகுதான் வாங்கவேண்டும். ஷூவும் அப்படித்தான். லிட்டில் லீக்கில் 12 வயதுவரையுள்ள பிரிவுகளில் இரும்பு முள் கூடாது, செயற்கைப் புல் மைதானமாக இருந்தால் பல இடங்களில் பெரிய பிள்ளைகளுக்கும் கூடாது, பிள்ளைகள் மென்று துப்பும் சூரியகாந்தி விதையைக்கூட வாசலிலேயே தடுத்துவிடுவார்கள்.

இனி, நான் கொஞ்சம் அதிகம் பேசப்போகும் விஷயம்: பந்து வீசும் கை.

லிட்டில் லீக்கில் 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்து, 11, 12 வயதுக்கு 85 பந்து, அதற்கு மேல் கிடையாது. 14 வயதுவரை 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். ஒரே நாளில் நாலு இன்னிங்ஸ் (பேஸ்பாலில் மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு டீமின் முறை முடிந்துவிடும்) கேட்சராக, அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி, இருந்த பிள்ளை அன்றைக்குப் பந்து வீசவே கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்துகொண்டேதான் இருக்கிறார். எல்லாம் சரிதான், ஆனால் வார இறுதிப் போட்டிகள் எல்லாம் இந்த விதிப்படி நடப்பதில்லை. பந்தை எண்ணாமல் இன்னிங்ஸை மட்டும் எண்ணும் போட்டிகள் உண்டு. ஒரு இன்னிங்ஸ் எட்டுப் பந்திலும் முடியும், முப்பத்தைந்து பந்துக்கும் இழுக்கும்! அதோடு பிள்ளை வியாழக்கிழமை உள்ளூர் லீக்கில் 60 பந்து வீசியது சனிக்கிழமை டீமின் கோச்சுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லாவிட்டால் தெரியாது. இரண்டு டீமிலும் இருப்பவன் உங்கள் பிள்ளை மட்டும்தான், அதனால் மொத்தக் கணக்கும் உங்களிடம்தான் இருக்கவேண்டும். ஸ்கோர் போடும் ஆப் பந்துகளை எண்ணிக்கொடுத்துவிடும், அதைப் பார்த்து ஒரு தாளில் தேதியோடு குறித்துவையுங்கள்.

‘கை வலிக்குதா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். நண்பர்கள் எல்லாரும் இறுதிப் போட்டிக்காகக் காத்திருக்கும்போது எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்? கேட்பதைவிடப் பார்ப்பது மேல். முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறானா, வீசும்போது கை கீழே இறங்குகிறதா, பந்து வழக்கத்தைவிட உயரமாகப் போகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் கோச்சிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். நான் ஒருமுறை ‘கோச்சுக்குத் தெரியாததா’ என்று சும்மா இருந்துவிட்டேன், பையன் அடுத்து மூன்று வாரம் பந்தைத் தொடவில்லை.

மழை வந்தால் பணம் திரும்பும் என்று எண்ணாதீர்கள். எத்தனை ஆட்டம் நடந்தது என்று பார்த்துத்தான் டீமுக்கு ஏதாவது திருப்பித் தருவார்கள், ஹோட்டல் பணம் போனது போனதுதான். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இருபத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து. அந்த நேரத்தில் கூடாரத்துக்கு அடியிலோ டீம் உட்காரும் டக்கவுட்டிலோ ஒதுங்கி நிற்பது பாதுகாப்பில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காருங்கள்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே, வேலியை ஒட்டி, நிழலோடு ஒரு இடம் காலியாக இருந்தால் உடனே நிறுத்திவிடாதீர்கள், அது ஏன் காலியாக இருக்கிறது என்று யோசியுங்கள். ஃபவுல் பந்து வந்து விழும் இடம் அது. முன்கண்ணாடி உடைந்தால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

வாசலில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கும், சில இடங்களில் கார்டு மட்டும், சில இடங்களில் ரொக்கம் மட்டும். வெளியிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவரலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் பிள்ளைக்கு வயிறு முட்ட எதையும் கொடுக்காதீர்கள், வாழைப்பழம், சாண்ட்விச், நிறையத் தண்ணீர் போதும். செயற்கைப் புல் வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும், குடையும் மடக்கு நாற்காலியும் இல்லாமல் போகவே போகாதீர்கள். கூட வரும் தங்கச்சிப் பாப்பாவை மறந்துவிடுகிறோம், பாவம், அவளுக்கு இது எட்டு மணி நேரத் தண்டனை. பக்கத்தில் பூங்காவோ நூலகமோ இருந்தால் பெற்றோரில் ஒருவர் அவளோடு ஒரு ஆட்டத்தைத் தவறவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ராத்திரி ஹோட்டல் நீச்சல் குளத்தில் டீமே குதிக்கும், அதைத் தடுக்காதீர்கள், ஆனால் மறுநாள் எட்டு மணி ஆட்டம் என்றால் ஒன்பது மணிக்கு வெளியே இழுத்துவிடுங்கள்.

வேலிக்கு வெளியே நின்று தமிழில் கோச்சிங் கொடுக்கும் அப்பாக்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அங்கே கோச் ஒன்று சொல்ல, இங்கே நான் ஒன்று கத்த, பையன் இரண்டையும் கேட்காமல் நடுவில் நின்று ஸ்ட்ரைக் அவுட் ஆனான். அம்பயரிடம் சண்டை போடுவது அதைவிட மோசம், பெற்றோரின் வாய்க்கு டீம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பிவரும் வழியில் காரில் ஆட்டத்தை அலசாதீர்கள். அவனாகப் பேச்செடுத்தால் பேசுங்கள், இல்லையென்றால் எங்கே சாப்பிடலாம் என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் பையை அப்படியே டிக்கியில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். வியாழக்கிழமை பயிற்சிக்குத் திறந்தால் ஈரமான க்ளவ்வில் பூஞ்சை பிடித்திருக்கும், வெள்ளைப் பேண்ட்டில் செம்மண் கறை ஊறிப்போயிருக்கும். பத்து நிமிட வேலைதான், அன்றிரவே பையைக் கொட்டி, க்ளவ்வை விரித்துக் காற்றில் வைத்து, பேண்ட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள்.