ஆவர்த்தனாவில் ஒரு ராத்திரி

சென்னை ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கும் ஆவர்த்தனா என்ற தென்னிந்திய உணவகத்துக்கு நண்பர்களோடு போகிறீர்களா? மதியம் கொஞ்சம் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் மெனுவைப் பொறுத்து, 7 முதல் 13 சுற்று வரை உணவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வாமை எதுவும் இருந்தால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். மெனுவை மட்டும் முன்கூட்டியே தேடிப் படிக்காதீர்கள், ஆச்சரியம் போய்விடும்.

தக்காளி ரசம் வரும்போது பேச்சை நிறுத்துங்கள். தெளிந்த ரசத்தைக் கண்ணாடிக் குடுவையில் கொத்தமல்லியோடு ஊறவிட்டு, மார்ட்டினி கோப்பையில் ஊற்றித் தருவார்கள். குடிக்குமுன் மோந்து பாருங்கள். அப்புறம் சின்ன மடக்கு. என் தோழி கண்ணை மூடிக்கொண்டு, "அடியே, இது எங்க பாட்டி ரசம்டி!" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போட்டோ ஒன்று போதும், சூடு ஆறிவிடும். கடைசியில் முட்டை மாதிரி ஒன்று வரும். அது என்னவென்று ஏற்கெனவே சாப்பிட்டவர் மூச்சு விடக் கூடாது.