எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு பம்ப்பை பிரிச்சுக் காட்டறது எப்படி

கோயமுத்தூர், பொள்ளாச்சி பக்கம் ஸ்கூல் பசங்களுக்கு இஞ்சினியரிங் ஆசை வரவைக்கணும்னா ரோபோ கிட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல ஒரு பழைய மோனோபிளாக் பம்ப்பை, அதாவது மோட்டாரும் பம்ப்பும் ஒண்ணா சேந்ததை, தூக்கிட்டுப் போங்க. ரீவைண்டிங் கடைல கேட்டா எரிஞ்சுபோனது ஒண்ணு கெடைக்கும்.

கரண்ட் ஒயரையும் கெப்பாசிட்டரையும் நீங்களே முன்னாடி கழட்டிருங்க, அது பசங்க கைக்கு வேண்டாம். மத்த போல்ட்டெல்லாம் அவங்களே கழட்டட்டும், மொத ஸ்பேனரை பொம்பளப் புள்ளைக கைல குடுங்க, இல்லீனா ஆம்பளப் பசங்களே புடுங்கிக்குவாங்க. கேசிங்கை, அதான் வெளிக்கூட்டை, தொறந்தா இம்பெல்லர்ங்கற சுத்தற சக்கரம் தெரியும், தண்ணி நடுவுல நுழைஞ்சு சுத்தற வேகத்துல ஓரத்துக்கு வீசப்படுதுங்கறத அந்த வளைஞ்ச பிளேடு மேல வெரல ஓட்டியே புரிஞ்சுக்குவாங்க.

இப்ப கேளுங்க, மேல வெச்ச இந்த பம்ப்பு 40 அடி கீழ இருக்கற கெணத்துத் தண்ணிய உறிஞ்சுமா? பெரிய மோட்டாரு போட்டா உறிஞ்சும்னுதான் பாதிப்பேரு சொல்லுவாங்க. எத்தன எச்பி போட்டாலும் ஆகாதுங்க, ஏன்னா தண்ணிய மேல தள்ளறது வெளிக்காத்தோட அழுத்தம், அது தாங்கறதே சுமாரா 34 அடி, நடைமுறைல 25 அடி தாண்டுனாலே தகராறு. அதனாலதான் போர்வெல்ல சப்மெர்சிபிள்ங்கற தண்ணிக்குள்ள முங்கி ஓடற பம்ப்பை உள்ளயே எறக்கறோம், அது கீழ இருந்து தள்ளிவுடுது.

தோட்டத்துல மோட்டாரு இருக்கற வூட்டுப் பசங்களுக்கு இது டக்குனு புடிபடும், அவங்களயே மத்தவங்களுக்கு சொல்லவுடுங்க.

முடிஞ்சா அடுத்த வாரம் ஒரு பவுண்டரிக்கு, அதான் இரும்பை உருக்கி அச்சுல ஊத்தற பட்டறைக்கு, கூட்டிட்டுப் போயி வார்ப்படம் ஊத்தறத தூரமா நின்னு காட்டுங்க, ஷூ போடாம ஒருத்தரையும் உள்ள விடாதீங்க.