இரண்டு கதிர் டோஸுக்கு நடுவே நுரையீரலைப் பார்த்துக்கொள்ள

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் இருந்த புற்றுக்கட்டிக்குக் கதிர் சிகிச்சை. தடவைக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு), வாரத்தில் 5 நாள், மொத்தம் 30 தடவை. கோயம்புத்தூரில் அறை எடுத்துத் தங்கினோம். சனி, ஞாயிறு மட்டும் கோத்தகிரிக்கு ஏறி வந்துவிடுவோம்.

கதிர் பட்டால் செல்லுக்குள் டிஎன்ஏ இழைகள் அறுந்துபோகும். நல்ல செல்கள் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச்செல்களுக்குப் பொதுவாக அந்தத் திறன் குறைவு. அதனால்தான் டோஸைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்தாலும் நடுவே 6 மணி நேரமாவது விடுவார்கள். அதற்காக, உடம்பு தேறட்டும் என்று நீங்களாக ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடைவெளியில் கட்டியும் தேறும்.

பீடி, சிகரெட் அறவே கூடாது. எங்கள் வீட்டில் சீகை விறகு எரிக்கும் வெந்நீர் அடுப்புப் புகை ஜன்னல் வழியாக நேரே அவர் கட்டிலுக்கு வரும். அடுப்பை அணைத்துவிட்டு கேஸில் வெந்நீர் வைத்தேன். சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

அப்புறம், சிகிச்சை முடிந்த பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டாம் மாதம் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. பனிக்காற்று என்று நினைத்து சுக்குக் கஷாயம் கொடுத்தே பத்து நாளை ஓட்டிவிட்டேன். அது கதிரால் வந்த நுரையீரல் அழற்சி. பெரும்பாலும் 1 முதல் 6 மாதத்துக்குள் வரும். இருமல், மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல் எது வந்தாலும் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். அவர்கள் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.