லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் அவ்வப்போது உறைகிறதா? கேபிளா டிஸ்க்கா என்று கண்டுபிடிப்பது எப்படி

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இந்தப் புகாரும் கூடவே வரும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அரை நிமிடம் எதுவும் அசையாது, அப்புறம் தானாகவே சரியாகிவிடும். டிஸ்க் போச்சு என்று உடனே கோவைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். பல நேரம், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ஒரு சாட்டா கேபிளோடு முடிகிற வேலை இது.

அந்த அரை நிமிடத்துக்குக் காரணம் உண்டு. டிஸ்க்குக்கு ஒரு கட்டளை அனுப்பினால், பதில் வர லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்துவிட்டு மறுபடி கேட்கும்.

படி 1: காப்பி எடுங்கள்

எந்தச் சோதனைக்கும் முன்னால் போட்டோ, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். சினிமாவெல்லாம் கடைசியில். முழுச் சோதனை டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்க வைக்கும். ஏற்கெனவே நொந்துபோன டிஸ்க் அதைத் தாங்காமல் போகலாம்.

படி 2: கர்னல் என்ன சொல்கிறது?

அடுத்த முறை உறைந்து மீண்டதும் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அனுமதி தரும் சுடோ (sudo) போட்டு, இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி (dmesg) என்ற ஐந்து எழுத்தைச் சின்ன எழுத்தில் அடியுங்கள். மறுபடி இடைவெளி விட்டு ஒரு ஹைஃபனும் பெரிய டியும் (-T) சேர்த்தால் கடிகார நேரமும் தெரியும். கடைசி வரிகளில் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று வந்து, லிங்க் வேகம் (நொடிக்கு ஜிகாபிட் கணக்கில்) 6.0-விலிருந்து 3.0 அல்லது 1.5-க்கு இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் கேபிள்மேல். 'மீடியம் எரர்' என்று இருந்தால் டிஸ்க்மேல்.

நேரத்தையும் கவனியுங்கள். வீட்டில் ஹீட்டர் போட்டு லைட் மங்கும் நேரமும் இந்த வரிகளின் நேரமும் ஒத்துப்போனால், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையையும் வோல்டேஜையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 3: ஸ்மார்ட் எண்கள்

உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலி இருக்கும். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட் டேட்டா' என்பதைத் திறந்தால் நீளமான பட்டியல் வரும். மிரள வேண்டாம், நான்கு வரிசைகள் போதும்: 5, 197, 198, 199.

199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் கெட்டுப்போன தகவலின் கணக்கு. கேபிள், கனெக்டர் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தெரியும். இந்த எண் ஏறும், இறங்காது. கேபிளை மாற்றினாலும் பழைய கணக்கு அப்படியே நிற்கும். அதனால் 40 இருக்கிறதே என்று பதறாமல் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாளைக்கும் 40 என்றால் சரி. 55 என்றால் கோளாறு இன்னும் அங்கேயே இருக்கிறது.

197 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள். 5 டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்தவை. 198-உம் இந்த ஜாதிதான். இவை ஏறிக்கொண்டே போனால் கேபிள்மேல் பழி போட முடியாது.

யூஎஸ்பி டிஸ்க்குகளில் சில நேரம் இந்தப் பட்டியலே திறக்காது. அப்போது ஹப்பை எடுத்துவிட்டு, குட்டையான கேபிளில் நேராக கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

படி 4: கழற்றி மாட்டுங்கள்

கரண்ட் பிளக்கைப் பிடுங்கியபின் சாட்டா கேபிள், பவர் கனெக்டர் இரண்டையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். மாதக்கணக்கில் ஈரம் புகும் அறையில் முனைகளில் அழுக்குப் படிந்திருக்கும். இரண்டு மூன்று முறை செருகி எடுத்தாலே சில நேரம் சரியாகிவிடும். கேபிள் மாற்றுவதானால் கிளிப் வைத்ததாக வாங்குங்கள். போர்ட்டையும் மாற்றலாம், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது.

பிறகு பெரிய ஃபைல்களாகப் பார்த்து நிறைய காப்பி செய்துவிட்டு 199-ஐ மறுபடி பாருங்கள். நகராமல் இருந்து, உறைவதும் நின்றிருந்தால் வேலை முடிந்தது. 197 ஏறியிருந்தால் புது டிஸ்க் வாங்க வேண்டியதுதான். காப்பி ஆகாத ஃபைல் மிச்சம் இருந்தால் கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் குனூ டிடிரெஸ்க்யூ (ddrescue) செயலியில் முயலுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு மோசமானவற்றுக்குப் பிறகு வரும். டக் டக்கென்று சத்தம் கேட்டால் மட்டும் அதையும் நிறுத்திவிட்டு டிஸ்க்கை ஆஃப் செய்துவிடுங்கள்.